இரண்டாவது மருந்து எதைச் சேர்த்தது?

பித்தநாளத்தில் தோன்றிய புற்றுநோய், அறுவை சிகிச்சைக்கு எட்டாத அளவுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்ததும் மருத்துவர் எழுதும் முதல் சிகிச்சை சென்னையிலும் லண்டனிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது: ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின். மூன்று வாரச் சுற்று ஒவ்வொன்றிலும் முதல் நாளும் எட்டாம் நாளும் இரண்டையும் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். கையில் வசதி இருந்தால் மூன்றாவதாக ஒரு நோயெதிர்ப்பு மருந்தும் சேரும். ஒன்றைவிட இரண்டு மேல், இரண்டைவிட மூன்று மேல் என்ற எண்ணம் நோயாளியின் வீட்டாருக்கு இயல்பாகவே வருகிறது. மருத்துவர்களுக்கும் வருகிறது. அந்த எண்ணம் சில இடங்களில் சரியாக இருந்திருக்கிறது, சில இடங்களில் நோயாளிகளுக்கு வீண் வேதனையைக் கொடுத்திருக்கிறது. எது எங்கே என்பதை மருந்தின் வேதியியலை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடிவதில்லை. சேர்க்கப்படும் ஒவ்வொரு மருந்தையும், அது இல்லாமல் சிகிச்சை பெற்ற அதே நிலை நோயாளிகளோடு ஒப்பிட்டாக வேண்டும். அந்த ஒப்பீட்டை நம் நோயாளிகளிடையே, நம்மால் வாங்க முடிந்த மருந்துகளைக் கொண்டு, நம் மருத்துவமனைகளே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. இந்தியாவில் அப்படிச் செய்த சில ஆய்வுகளின் கதையே இதற்குப் போதுமான சான்று.

முதலில் நோயைப் பற்றி. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் மெல்லிய குழாய்களில் சேர்ந்து, பெருங்குழாயாகி, பித்தப்பையில் தேங்கி, சிறுகுடலில் இறங்குகிறது. இந்தப் பாதையில் எங்கு புற்று தோன்றினாலும் மருந்து ஆய்வுகளில் பித்தப்பாதைப் புற்றுநோய் என்று ஒரே குடும்பமாக வைக்கிறார்கள். ஆனால் ஊருக்கு ஊர் அதன் முகம் வேறு. தாய்லாந்தின் வடகிழக்கில் சரியாக வேகாத ஆற்றுமீனுடன் உடலுக்குள் போகும் கல்லீரல் புழுவால் பித்தநாளத்தில் வருகிறது. கங்கைச் சமவெளியில் பித்தப்பையில் வருவது அதிகம், தென்னிந்தியாவில் அது அந்த அளவுக்கு இல்லை. ஜப்பானின் ஓசாகா நகரில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்த இளம் தொழிலாளர்கள் பலருக்கு அடுத்தடுத்து பித்தநாளப் புற்றுநோய் வந்ததை வைத்து, மை துடைக்கப் பயன்படுத்திய டைகுளோரோபுரொப்பேன் என்ற கரைப்பான் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் முடிவு செய்தது. சென்னையின் அம்பத்தூர் தொழிற்பேட்டை போல, அச்சகமும் பெயிண்ட் பூசும் கூடமும் கரைப்பான் டின்களும் நெருங்கிக் கிடக்கும் இடங்களில் இந்தச் செய்தி இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டியது. காற்றோட்டமும் கையுறையும் எந்த மருந்தையும்விட மலிவானவை.

நோய் தாமதமாகவே பிடிபடுகிறது என்பதுதான் சிகிச்சையின் முதல் இடர். குழாய் அடைபட்டதும் கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கறுக்கிறது, மலம் வெளுக்கிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது. மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியம் இருந்து, சில வாரங்கள் பார்ப்பது தமிழ்நாட்டு வீடுகளில் இன்றும் நடக்கிறது. வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானே வடிந்துவிடுவதால் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. குழாய் அடைப்பால் வரும் காமாலை வடிவதில்லை. ஸ்கேனில் கட்டி தெரியும் நேரத்தில் பலருக்கு அது கல்லீரலுக்குள்ளோ வயிற்று உறையிலோ பரவியிருக்கும். அப்போதும் கீமோவை உடனே தொடங்க முடியாது. எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைத்து அடைப்பைத் திறந்து, காமாலைக்குக் காரணமான பிலிருபின் ரத்தத்தில் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். குழாயில் தொற்று வந்தால் மறுபடி நிறுத்த வேண்டும். ஆகவே ஆய்வு அறிக்கைகளில் வரும் நோயாளி என்பவர் ஏற்கெனவே இந்தத் தடைகளைத் தாண்டி, எழுந்து நடமாடி, பிலிருபின் குறைந்து, ஆய்வில் சேரும் தகுதி பெற்றவர். இந்த ஒரு விவரத்தைப் பின்னால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது என்ற யோசனை காசநோயிலிருந்து வந்தது. அதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்றிருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததே. வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்திய முதல் ஆய்வில், சென்னையின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் படுக்கை ஓய்வும் நல்ல சாப்பாடும் பெற்றார்கள், மறு பிரிவினர் தங்கள் குடிசைகளிலேயே இருந்தார்கள். இரு பிரிவுக்கும் மருந்து ஒன்றே: ஐசோனியாசிடும் பாஸும் சேர்ந்த கூட்டு. ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். வித்தியாசம் அற்பம். 1959இல் வெளியான அந்த முடிவு சானடோரியம் என்ற ஏற்பாட்டையே உலகெங்கும் தேவையற்றதாக்கியது. அடுத்த ஆய்வில் ஐசோனியாசிடைத் தனியாகக் கொடுப்பதையும் பாஸுடன் சேர்த்துக் கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள், கூட்டு மருந்து தெளிவாக முந்தியது. கிருமிகளில் ஒரு மருந்துக்குத் தப்பியது மற்றதற்கு அகப்படும் என்பது அடிப்படை. புற்றுநோய் மருத்துவர்கள் 1960களில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பல மருந்துகளை ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தபோது இதே கணக்கைத்தான் கையில் எடுத்தார்கள். பின்னர் 1980களிலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையமும் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் ஒரே கூட்டு மருந்து முறையை அந்தக் குழந்தைகளுக்குக் கடைப்பிடித்து, பிழைப்போர் எண்ணிக்கையைப் பெரிதும் உயர்த்தின. சென்னை ஆய்வுகளின் பாடத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது மருந்துகளின் பெயர் அல்ல. வழக்கத்தில் வேரூன்றிப்போன ஒன்றையும் புதிதாக வந்த ஒன்றையும் அவர்கள் ஒரே தராசில் வைத்தார்கள். வழக்கத்துக்கு எந்தச் சலுகையும் தரவில்லை.

பித்தநாளப் புற்றுநோயில் அந்தத் தராசு வர நெடுநாள் ஆயிற்று. நோயாளிகள் குறைவு, பிழைத்திருக்கும் காலமும் குறைவு, ஆகவே பெரிய ஆய்வு நடத்த யாரும் முன்வரவில்லை. ஜெம்சிட்டபின் என்பது செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது உண்மையான எழுத்துக்குப் பதிலாக நுழைந்து நகலை நிறுத்திவிடும் போலி எழுத்து. சிஸ்பிளாட்டின் டி.என்.ஏ. இழைகளுக்குக் குறுக்கே பிளாட்டினக் கட்டுகளைப் போடுகிறது. அந்தக் கட்டைச் செல் வெட்டியெடுத்துப் பழுதுபார்க்க முனையும்போது, அதற்கு வேண்டிய மூலப்பொருளை ஜெம்சிட்டபின் குறைத்துவிடுகிறது. ஒன்றின் முக்கியத் தொல்லை எலும்பு மஜ்ஜையில், மற்றதன் தொல்லை சிறுநீரகத்திலும் செவியிலும் நரம்பிலும். காகிதத்தில் பொருத்தம் அருமை. ஆனால் காகிதத்தில் பொருந்தாத கூட்டு மருந்து என்று ஒன்று ஆய்வுக்கே வருவதில்லை. பிரிட்டனில் ஹுவான் வாலே தலைமையில் ஏபிசி-02 என்ற ஆய்வு 410 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு ஜெம்சிட்டபின் மட்டும், மீதிப் பேருக்கு இரண்டையும் கொடுத்தது. 2010இல் முடிவு வந்தது. தனி மருந்தில் இடைநிலை வாழ்நாள் 8.1 மாதம், கூட்டில் 11.7 மாதம். நோயாளிகளை வாழ்நாள் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடைய காலம் அது. பாதிப் பேர் அதற்கு முன்பும் பாதிப் பேர் அதற்குப் பின்பும் போயிருப்பார்கள். மூன்றரை மாதம்தானே என்று தோன்றலாம். எட்டு மாதமே கிடைக்கக்கூடிய ஒருவருக்கு அது கிட்டத்தட்ட பாதி ஆயுள் கூடியது போல. ஜப்பானில் 84 பேரிடம் நடந்த சிறு ஆய்வும் அதே திசையையே காட்டியது.

அதே 2010இல் டெல்லி எய்ம்ஸிலிருந்து வெளியான ஆய்வு இதைவிடச் சிறியது. ஆனால் என் பார்வையில் இந்திய வாசகருக்கு இதைவிட முக்கியமானது. அறுவை சிகிச்சை செய்ய முடியாத பித்தப்பைப் புற்றுநோய் கொண்ட 81 பேரை அதுல் சர்மாவும் அவருடைய குழுவினரும் மூன்று பிரிவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு வலி நீக்கம், அடைப்பு நீக்கம், ஊட்டம் ஆகிய ஆதரவுச் சிகிச்சை மட்டும். இரண்டாம் பிரிவுக்கு அதோடு ஃப்ளூரோயுராசிலும் ஃபோலினிக் அமிலமும், அதாவது அதற்கு முன் பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருந்த பழைய கீமோ. மூன்றாம் பிரிவுக்கு ஜெம்சிட்டபினும் சிஸ்பிளாட்டினின் உறவினமான ஆக்ஸாலிபிளாட்டினும். இடைநிலை வாழ்நாள் முறையே 4.5, 4.6, 9.5 மாதம். நடு எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாரந்தோறும் ஊசி போட்டுக்கொண்டு, அதன் வாய்ப்புண்ணையும் வயிற்றுப்போக்கையும் தாங்கிக்கொண்டு இருந்தவர்களுக்கு, ஊசியே போடாதவர்களைவிட வாழ்நாள் கூடவில்லை. இந்த ஒப்பீடு நடக்காமல் போயிருந்தால், பழைய கீமோ வேலை செய்கிறது என்று மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடே நம்பியிருப்பார்கள். நோயாளிகள் அதற்காக நிலத்தை விற்றிருப்பார்கள். 81 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஒரே மருத்துவமனை, ஆகவே எண்களில் துல்லியம் குறைவு என்ற விமர்சனம் சரிதான். ஆனாலும் ஒரே ஆய்வு இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. ஒரு கூட்டு வீண், இன்னொரு கூட்டு காலத்தை இரட்டிப்பாக்குகிறது. கீமோ இல்லாத பிரிவு ஒன்று இருந்ததால்தான் முதல் தீர்ப்பு சாத்தியமானது.

இரண்டு மருந்து பலன் தந்ததும் மூன்றாவதைச் சேர்க்கும் ஆசை வந்தது. அமெரிக்காவில் ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டினோடு நாப்-பேக்லிடாக்சலையும் சேர்த்து 60 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒப்பீட்டுப் பிரிவு கிடையாது. ரத்த அணுக்கள் மோசமாகக் குறைந்ததால் பாதிவழியில் மருந்தின் அளவைக் குறைக்க நேர்ந்தது. அப்படியும் இடைநிலை வாழ்நாள் 19.2 மாதம் என்று 2019இல் முடிவு வந்தபோது புற்றுநோய் மாநாடுகளில் அதுவே பேச்சாக இருந்தது. ஏபிசி-02இன் 11.7ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்கள் குறைவு. பல மருத்துவர்கள் காத்திராமல் மூன்றையும் எழுதத் தொடங்கினார்கள். பிறகு 441 பேரைக் குலுக்கிப் பிரித்து எஸ்1815 என்ற ஆய்வு நடந்தது. 2023இல் முடிவு: மூன்று மருந்தில் 14 மாதம், இரண்டு மருந்தில் 12.7 மாதம். தற்செயலாலேயே வரக்கூடிய வேறுபாடு அது. ரத்தம் சார்ந்த கடுமையான தொல்லைகள் மட்டும் 45 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக ஏறின. 19.2 எங்கே போயிற்று? அந்த 60 பேர் பெரிய மையங்களுக்கு வந்து சேர்ந்த, ஓரளவு வலுவான, நோய் மெல்ல வளரும் நோயாளிகளாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன தடைகளை அவர்கள் எளிதாகத் தாண்டியவர்கள். அவர்களுக்கு இரண்டு மருந்து மட்டும் கொடுத்திருந்தாலும் காலம் நீண்டிருக்கலாம். அதைச் சொல்ல அங்கே ஒப்பீட்டுப் பிரிவு இல்லை. அம்பத்தூரில் லேத் பட்டறை நடத்துபவருக்கு இது புதிதல்ல: வெட்டுளியையும் மாற்றி, இரும்பையும் வேறு கடையில் வாங்கியபின் பொருள் நன்றாக வந்தால், எதனால் வந்தது என்று அவர் சொல்ல மாட்டார். ஒன்றை அப்படியே வைத்து மற்றதை மட்டும் மாற்றிப் பார்த்த பிறகே சொல்வார்.

இந்தியாவிலேயே இதற்கு இன்னொரு சான்று இருக்கிறது. முதல் வரிசைக் கீமோ பலன் தராமல் போனவர்களுக்கு அடுத்து என்ன கொடுப்பது என்பது நீண்ட நாளாக ஊகமாகவே இருந்தது. டாட்டா நினைவு மருத்துவமனையில் 98 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இரினோடெகான் மட்டும், மறு பிரிவுக்கு அதோடு கேப்சிடபின் மாத்திரையும் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பித்தப்பைப் புற்றுநோய்க்காரர்கள். 2021இல் வெளியான முடிவில் கூட்டு மருந்துக்கு எந்த மேன்மையும் தெரியவில்லை. மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிய தேவை கூட்டுப் பிரிவில்தான் அதிகம் வந்தது. வீட்டில் விழுங்கும் மாத்திரைதானே, சேர்த்துக் கொடுத்தால் என்ன நஷ்டம் என்று யாருக்கும் தோன்றும். நஷ்டம் இருந்தது, அளந்ததால் தெரிந்தது. இப்படித் தோற்ற ஆய்வுகளை நான் தோல்வியாக எண்ணவில்லை. ஒரு கூட்டைக் கைவிடச் சொல்லும் ஆய்வு, கடைசி மாதங்களில் இருக்கும் ஆயிரக்கணக்கானோரின் வாந்தியையும் களைப்பையும் செலவையும் தவிர்க்கிறது. அதற்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். இடைநிலை என்பதே ஏமாற்றும் எண், நடுவில் நிற்பவரைப் பார்த்து வாலில் நிற்பவரை மறந்துவிடுகிறோம் என்பார்கள். நோயெதிர்ப்பு மருந்துகளின் ஆய்வு இந்த மறுப்புக்கு உயிர் கொடுக்கிறது. டோபாஸ்-1 என்ற ஆய்வில் 685 பேருக்கு ஜெம்சிட்டபினும் சிஸ்பிளாட்டினும் கொடுத்து, ஒரு பிரிவுக்கு டுர்வலுமாபும் மறு பிரிவுக்கு வெற்றுத் திரவமும் சேர்த்தார்கள். இடைநிலை வாழ்நாள் 11.5இலிருந்து 12.8 மாதம். இதற்கா இவ்வளவு செலவு என்று யாரும் கேட்கலாம். ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 10 விழுக்காட்டிலிருந்து கிட்டத்தட்ட 25 விழுக்காடாக உயர்ந்திருந்தார்கள். மூன்று ஆண்டில் 6.9க்கு 14.6. பெம்ப்ரோலிசுமாபை வைத்து 1,069 பேரிடம் நடந்த ஆய்விலும் பலன் உண்டு, அளவில் சிறியது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆடம் பாமரும் பீட்டர் சோர்ஜரும் 2017இல் எழுதிய கட்டுரை இதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. பல கூட்டு மருந்துகளில் மருந்துகள் ஒரே உடலுக்குள் ஒன்றையொன்று ஊக்குவிப்பதாக நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் நடப்பது வேறு என்று பழைய ஆய்வுகளின் எண்களைக் கொண்டு அவர்கள் காட்டினார்கள். சிலருக்கு முதல் மருந்து கேட்கிறது, வேறு சிலருக்கு இரண்டாவது கேட்கிறது, யாருக்கு எது என்று முன்கூட்டித் தெரியாததால் இரண்டையும் எல்லோருக்கும் கொடுக்கிறோம். டுர்வலுமாப் நூறு பேருக்கும் ஒரு மாதம் ஒன்பது நாள் கூட்டித் தரவில்லை. பலருக்கு ஒன்றும் தராமல், சிலருக்கு ஆண்டுகளைத் தந்திருக்கிறது. ஆகவே மறுப்பு சரி: இடைநிலையை மட்டும் பார்க்கக் கூடாது. ஆனால் அந்த வாலைக் கண்டுபிடித்ததும் வெற்றுத் திரவம் பெற்ற பிரிவோடு செய்த ஒப்பீடுதான். ஒப்பீடு இல்லாமல் மூன்று ஆண்டு வாழ்ந்த ஒருவரைக் காட்டினால், மருந்தால் வாழ்ந்தாரா, மெல்ல வளரும் நோயால் வாழ்ந்தாரா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அந்தச் சிலரில் ஒருவராக இருக்கும் வாய்ப்புக்காக எவ்வளவு கொடுக்கலாம் என்பது அடுத்த கேள்வி. இது மருத்துவக் கேள்வி ஆகாது என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது முதல் இந்தப் பகுதியின் வாழ்க்கை சிறு தொழில்களின் கூலியில் ஓடுகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. புற்றுநோய் போன்ற நெடுநாள் நோய்களுக்கு அதில் நீட்டித்த நோய்ப்படி சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கும். ஒப்பந்தக் கூலிகளில் பலருக்கு அதுவும் இல்லை. அவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அரசு மருத்துவமனையும்தான். மூன்று வாரத்தில் இரண்டு நாள் ரயிலேறி சென்ட்ரலுக்கோ, பஸ் மாறி ராயப்பேட்டைக்கோ அடையாற்றுக்கோ போவதென்றால் நோயாளிக்கு மட்டுமல்லாமல் கூடவே போகும் மகனுக்கும் மனைவிக்கும் கூலி போகும். இந்த வாழ்க்கைக்குப் பொருந்தும் கேள்விகளை வெளிநாட்டு மருந்து நிறுவனம் கேட்காது. எய்ம்ஸ் கேட்டது. ஜெம்சிட்டபினோடு சிஸ்பிளாட்டின் சேர்ப்பதா, ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ப்பதா என்று பித்தப்பைப் புற்றுநோய்க்காரர்களிடம் ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள்: 8.3 மாதமும் 9 மாதமும், ஒன்று மற்றதை வென்றதாகச் சொல்ல முடியாத வேறுபாடு. இது சாதாரணச் செய்தி போலத் தெரிந்தாலும் வெளிநோயாளிப் பிரிவில் இதற்கு மதிப்பு அதிகம். இரண்டும் காப்புரிமை முடிந்த, விலை இறங்கிய மருந்துகள். நெடுநாள் காமாலையால் சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சிஸ்பிளாட்டினைத் தவிர்க்கலாம். விரல் நுனி மரத்துப்போனால் பிழைப்பே போகும் என்ற நிலையில் இருக்கும் லேத் தொழிலாளிக்கு ஆக்ஸாலிபிளாட்டின் குளிர்பட்டதும் கொடுக்கும் மரமரப்பைச் சொல்லி, வேறொன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம். சமமான இரண்டு வழிகள் இருக்கின்றன என்ற தகவலே நோயாளிக்குத் தேர்வு செய்யும் உரிமையைத் தருகிறது.

விலையுயர்ந்த மருந்துகளிலும் இப்படிக் கேட்க முடியும். தலை, கழுத்துப் புற்றுநோயில் டாட்டா நினைவு மருத்துவமனை அதைச் செய்து காட்டியது. வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் நிவோலுமாபை, விலை குறைந்த மாத்திரைக் கூட்டோடு சேர்த்து 151 பேரிடம் சோதித்தார்கள். ஓராண்டில் உயிரோடிருந்தவர்கள் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தார்கள். முழு அளவோடு அவர்கள் ஒப்பிடவில்லை, முழு அளவு அந்த நோயாளிகளுக்குக் கிடைக்கவே போவதில்லை என்பதால். ஆகவே குறைந்த அளவு முழு அளவுக்குச் சமம் என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. ஒன்றுமில்லாததைவிட மேல் என்று உறுதியாகச் சொல்லலாம். தலை, கழுத்தில் கிடைத்த முடிவைப் பித்தநாளத்துக்கு அப்படியே தூக்கிவரவும் கூடாது. பித்தநாளப் புற்றுநோயில் நோயெதிர்ப்பு மருந்தின் பலன் குறுகியது, அளவைக் குறைத்தால் அதுவும் போகலாம், போகாமலும் இருக்கலாம். இதைச் சோதிக்க வேண்டியவர்கள் நாம். டுர்வலுமாபை முழு விலைக்கு வாங்க முடிந்த நாடுகளுக்கு இந்தக் கேள்வியே எழாது.

மரபணுச் சோதனை வந்துவிட்டதே, இனி எல்லோருக்கும் ஒரே கூட்டு என்ற பேச்சு எதற்கு என்றும் கேட்கிறார்கள். கல்லீரலுக்குள் இருக்கும் பித்தநாளங்களின் புற்றில் சிலருக்கு எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 இணைவும் ஐ.டி.எச்.1 மாற்றமும், பித்தப்பைப் புற்றில் சிலருக்கு ஹெர்2 மிகுதியும் காணப்படுகின்றன. அவற்றுக்கென மருந்துகள் வந்திருப்பது உண்மையான முன்னேற்றம். ஆனால் இத்தகைய இலக்கு கிடைப்பவர்கள் சிறுபான்மையினர். அவர்களிலும் பெரும்பாலோருக்கு முதல் வரிசையில் ஜெம்சிட்டபின் கூட்டுதான் போகிறது. இலக்கு மருந்தைக் கீமோவோடு சேர்ப்பதா, கீமோவுக்குப் பதிலாகக் கொடுப்பதா என்ற கேள்வி வரும்போது மறுபடி அதே ஒப்பீட்டுக்குத்தான் வந்து நிற்க வேண்டும். நோயாளிகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப் பிரிக்க, ஒரு மருத்துவமனையால் போதிய எண்ணிக்கையைச் சேர்க்க முடியாது. அடையாறு, வேலூர், ஜிப்மர், ராயப்பேட்டை மருத்துவமனைகள் ஒரே ஆய்வில் சேர்ந்தால்தான் முடியும். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்காக மூன்று மையங்கள் அப்படி இணைந்ததை நாம் பார்த்தோம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு. சாகும் தறுவாயில் இருப்பவரைக் குலுக்கலில் போடுவது கொடுமை இல்லையா? இந்தக் கேள்வியைக் கேட்பவர் நோயாளியின் மகளாக இருந்தால் அவருக்குப் புள்ளியியல் பதிலாகாது. ஆனால் குலுக்கலின் நியாயம் ஒரு நிபந்தனையில் நிற்கிறது: இரண்டு பிரிவில் எது மேல் என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாத நிலையில் மட்டுமே அது நடக்கலாம். எய்ம்ஸில் ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவு அன்று நியாயமாக இருந்தது, இன்று நியாயமாகாது. இரண்டாம் வரிசையில் அதே கேள்வி எழுந்தபோது, பிரிட்டனில் ஏபிசி-06 ஆய்வு 162 பேரிடம் நடந்தது. எல்லோருக்கும் அறிகுறிகளை அடக்கும் முழுக் கவனிப்பு, ஒரு பிரிவுக்கு அதோடு ஆக்ஸாலிபிளாட்டினும் ஃப்ளூரோயுராசிலும் சேர்ந்த கூட்டு. 5.3 மாதத்துக்கு எதிராக 6.2 மாதம். கீமோ இல்லாத பிரிவினர் கைவிடப்படவில்லை, அடைப்பு திறக்கப்பட்டது, தொற்றுக்கு மருந்து தரப்பட்டது, வலி கவனிக்கப்பட்டது. நம்மூரில் ஆய்வுக்கு வெளியே இருக்கும் பலருக்கு அந்தக் கவனிப்பே கிடைப்பதில்லை. மாறாக, ஆய்வில் சேராமல், ஒரு மருத்துவமனையில் மூன்று மருந்தும் இன்னொன்றில் இரண்டும் என்று வாங்குபவர்களும் ஒரு வகைக் குலுக்கலில்தான் இருக்கிறார்கள். எந்த வாசலுக்குள் நுழைந்தார்கள் என்பது அதைத் தீர்மானிக்கிறது, அதன் முடிவை யாரும் எழுதி வைப்பதில்லை.

அதற்காக நம்பிக்கையைக் கேட்டுவாங்கும் உரிமை மருத்துவர்களுக்கு வந்துவிடாது, அதைச் சம்பாதிக்க வேண்டும். ஏழைகளை ஆய்வுகளில் தவறாகப் பயன்படுத்திய புகார்கள் இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதன் பின்னணியில்தான் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் வந்தன. ஆய்வுக்கு அழைக்கப்படும் ஒருவர் கேட்டுப்பெற வேண்டியவை தெளிவானவை. ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா, அதன் எண் என்ன? 2007இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எந்தப் பிரிவில் என்ன மருந்து என்று விளக்கும் தாள் தமிழில் இருக்கிறதா, அதைப் படித்து வீட்டில் பேச நேரம் தருகிறார்களா? ஆய்வு மருந்தால் கேடு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு? நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? அம்பத்தூரிலிருந்து வந்து போகும் ரயில் கட்டணத்தையும் இழந்த கூலியையும் ஆய்வின் நிதியில் வைத்திருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், வாரக் கூலியை விட முடியாதவர்கள் சேராமல் போவார்கள். சேர்பவர்கள் மறுபடியும் ஓரளவு வசதியும் வலுவும் உள்ளவர்களாகவே இருப்பார்கள். அப்படிக் கிடைக்கும் முடிவு சேராமல் போனவருக்குப் பொருந்துமா என்று எவராலும் சொல்ல முடியாது.